இரண்டு கிரெடிட் கொதிகலன்

ஓர் இறையியல் கல்லூரியில் கொதிகலன் கெட்டுப்போவது உலக அதிசயம் ஒன்றும் இல்லை. குழாய் என்றிருந்தால் கசியும், வால்வு என்றிருந்தால் இறுகும், வாஷர் என்றிருந்தால் தேயும். இதெல்லாம் மனிதகுலம் என்றைக்கோ ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் ஒரு கொதிகலன் கெட்டுப்போய், கெட்டுப்போன அந்த ஒரே தகுதியால் பாடத்திட்டத்தில் இடம்பிடித்து, இரண்டு கிரெடிட் பெறுமானத்துக்கு உயர்ந்தது என்றால், அதற்கு ஒரு கொடுப்பினை வேண்டும்.

அந்தக் கொதிகலனுக்குப் பொறுப்பாளி கல்லூரியின் ஃபிட்டர். பதினொரு வருஷமாக அதோடு மல்லுக்கட்டியவர். அவர் மனைவி மாணவர் விடுதியின் வார்டன். எட்டு மாதப் பெண் குழந்தையோடு விடுதியின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். வகுப்பறைகள், விடுதி, அந்த இரண்டு அறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கொதிகலன். அது வெந்நீரைக் குழாய்களில் ஓட்டினால் எல்லாருக்கும் சூடு. ஓட்டாவிட்டால் எல்லாருக்கும் பல் கிடுகிடு.

பனிக்காலம் சூடுபிடித்த நேரத்தில், அதாவது சூடு போய்விட்ட நேரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை அது நின்றுபோயிற்று. குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டதில் கை மடங்கவில்லை. சிலுவை போட்ட மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியது.

"என்னங்க, நெஞ்சுல சளி கட்டியிருக்கு. மூச்சு விடறப்போ கர்ருகர்ருங்குது" என்றாள் மனைவி. "இந்தக் குளிர்ல இவளை வெச்சிருக்க முடியாது. சூடு வரலைன்னா நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்."

"அட, ரெண்டு மணி நேர வேலைம்மா. வாஷர் போயிருக்கு, அவ்வளவுதான். புது வாஷர் என் சட்டைப் பையிலயே இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? போய்ப் போடுங்க."

"ஃபார்ம் போடணும்ல?"

ஆமாம், ஃபார்ம். அந்த வளாகத்தில் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது. முன்பெல்லாம் பழுதுக்கு ஒரு படிவம், விடுப்புக்கு ஒரு படிவம், புதுப் பாடத்துக்கு ஒரு படிவம் என்று தனித்தனியாக இருந்தன. அந்த வருஷம்தான் டீன் வெளியூர்ப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்விட்டு ஞானம் பெற்றுத் திரும்பியிருந்தார். வந்த ஜோரில் எல்லாப் படிவங்களையும் ஒழித்துவிட்டு 'ஒருங்கிணைந்த முன்மொழிவுப் படிவம்' என்று ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தார். கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் அதுதான், கலாத்தியர் நிருபப் பாடத்துக்கும் அதுதான்.

ஃபிட்டர் பேனாவை எச்சில் தொட்டு எழுதினார். தலைப்பு: கொதிகலன் பழுதுபார்த்தல். கால அளவு: இரண்டு நாள் (ரெண்டு மணி நேரம்தான், எதற்கும் இருக்கட்டும் என்று). தேவைப்படும் ஆட்கள்: உதவிக்கு இரண்டு பேர். தேவைப்படும் பொருள்: வாஷர் ஒன்று. எதிர்பார்க்கப்படும் பலன்: சூடு. பலனை அளக்கும் முறை: கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

கொண்டுபோய் ஆபீஸ் தட்டில் போட்டார். அதே தட்டில்தான் பனிக்காலக் குறும்பாடங்களுக்கான முன்மொழிவுகளும் கிடந்தன. இரண்டு பருவங்களுக்கு நடுவே பத்து நாள் நடக்கும் சின்னப் பாடங்கள் அவை. வெளியிலிருந்து போதகர்களும் வந்து சேர்ந்து படிப்பார்கள்.

புதன்கிழமை பாடத்திட்டக் குழு கூடியது. கல்லூரியிலேயே ஒரு மின் ஹீட்டர்தான் இருந்தது. குழுவுக்குக் குளிரக் கூடாது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பிளக் லூசாக இருந்ததால் கையால் அழுத்திப் பிடித்தபடி மூலையில் நின்றவர் நம்ம ஃபிட்டர்தான். ஆகையால் நடந்தது எல்லாவற்றுக்கும் அவரே கண்கண்ட சாட்சி.

முதலில் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியரின் முன்மொழிவு வந்தது. எப்போதும் முனகிக்கொண்டே இருப்பதால் மாணவர்கள் அவருக்கு, வேதத்தில் துன்பப்பட்டுப் புலம்பும் யோபுவின் பேரில், யோபு சார் என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் கேட்டிருந்த பாடம்: துன்பப்படுகிறவர் பக்கத்தில் பேசாமல் உட்காருவது எப்படி.

"பலன் என்னன்னு போட்டிருக்கீங்க?" என்றார் டீன்.

"மனசு இளகும்."

"எத்தனை சதவீதம்?"

யோபு சார் பேசாமல் உட்கார்ந்தார். நிராகரிக்கப்பட்டது. அடுத்து ஜெபத்தைப் பற்றி ஒன்று. பலன், கடவுளோடு நெருக்கம். "எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்கு?" என்றார் டீன். அதுவும் போயிற்று. பன்னிரண்டு முன்மொழிவுகள் இப்படி வரிசையாக மண்ணைக் கவ்வின. பதின்மூன்றாவதை எடுத்த டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எதிர்பார்க்கப்படும் பலன்: சூடு" என்று வாசித்தார். குரல் தழுதழுத்தது. "அளக்கும் முறை: கையை வைத்துப் பார்த்தால் தெரியும்! ஐயா, இது பாடம். மத்ததெல்லாம் வெறும் பேச்சு."

முதல்வர் தலையசைத்தார். "கொதிகலன்ங்கிறது எதைக் குறிக்குது? திருச்சபையையா?"

"எதை வேணும்னாலும் குறிக்கலாம். அதுதான் அழகே."

"ஐயா..." என்று ஃபிட்டர் வாயைத் திறந்தார். அதே விநாடியில் முதல்வர், "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார். ஜெபத்துக்குக் குறுக்கே யார் பேசுவது? ஃபிட்டர் பக்தியுள்ள மனுஷன். அவரும் கண்ணை மூடினார். பழக்க தோஷம், முடிவில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னதும் அவர்தான்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு அந்தக் கல்லூரியின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஜெபித்து முடித்த தீர்மானத்தை அங்கே யாரும் மறுபடி தொட மாட்டார்கள். தொட்டால், ஒன்று குழு கவனமில்லாமல் ஜெபித்தது என்றாகும், அல்லது கேட்டவர் கவனமில்லாமல் கேட்டார் என்றாகும். இரண்டையும் எழுத்தில் போட எந்த எழுத்தருக்குத் துணிச்சல் வரும்?

"ஐயா, அது பாடம் இல்லீங்க, ரிப்பேருங்க" என்று ஃபிட்டர் முதல்வர் அறை வாசலில் போய் நின்றார்.

முதல்வர் அன்பாகச் சிரித்தார். "தம்பி, நீங்களும் ஆமென் சொன்னீங்கதானே?"

"சொன்னேங்க."

"மனசாரச் சொன்னீங்களா, சும்மா சொன்னீங்களா?"

"மனசாரத்தாங்க."

"அப்புறம் என்ன. பேராசிரியரே, உட்காருங்க."

பதினொரு வருஷத்தில் அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி மெத்தென்று இருந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

டீன் காகிதத்தோடு வந்து சேர்ந்தார். "உங்க தகுதிக் குறிப்பு அனுப்பணும். எழுதின நூல்கள்?"

"நூலா? வால்வு பக்கத்துச் சுவத்துல, இடது பக்கம் திருப்பவும்னு எழுதி வெச்சிருக்கேன்."

"வெளியீடு ஒன்று" என்று டீன் குறித்துக்கொண்டார். "இன்னும் அச்சில் இருக்கா?"

"அழியலீங்க."

தலைப்பும் மாறியது. 'கொதிகலன் பழுதுபார்த்தல்' என்றால் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருக்கிறதாம். 'உடைந்த அமைப்புகளில் வெப்பத்தை மீட்டெடுத்தல்: ஒரு தலைமைத்துவ அணுகுமுறை' என்று ஆயிற்று. இரண்டு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரம் நடந்தாக வேண்டும். முதல் நாள் அறிமுகம். இரண்டாம் நாள் வெப்பத்தின் வரலாறு. மூன்றாம், நான்காம் நாள் வேதத்தில் சூளைகள், யோபு சார் நடத்துவார். ஐந்திலிருந்து ஒன்பது வரை கலந்துரையாடல். பத்தாம் நாள் கடைசி அரை மணி நேரம் செய்முறை.

"அதுவரைக்கும் பாய்லரு?" என்றார் ஃபிட்டர்.

"அது இனிமே பாய்லர் இல்லை, பாடப்பொருள். வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடி பிரிச்சுட்டா மாணவர்களுக்கு என்ன சுவாரசியம்?" என்ற டீன், அன்றே கொதிகலன் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். 'பாடப்பொருள். தொடாதீர்கள்.'

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஃபிட்டரின் தோளில் ஒரு கோட்டு இருந்தது. முதல்வர் தந்த பழைய கோட்டு, முழங்கையில் மட்டும் கொஞ்சம் நைந்தது.

"சரி பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பண்ணலாம்மா. ஆனா அதுக்கு முன்னாடி, கெட்டுப்போறதுன்னா என்னங்கிறதை நாம வரையறுக்கணும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "காய்ச்சலா உங்களுக்கு?"

பாடம் தொடங்கியது. அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள்! கல்லூரி வரலாற்றிலேயே இல்லாத கூட்டம். எபிரேயு இல்லை, கட்டுரை இல்லை, கையை வைத்துப் பார்த்தால் தேர்ச்சி என்று காற்றுவாக்கில் பரவிவிட்டது. எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயில் புகை வர, குளிரைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். தானியேல் ஆகமத்தில் வரும் சூளையை ஏழு மடங்கு சூடாக்கினார்களே, அதற்கு முன் அதில் பழுது ஏதும் இருந்ததா என்று யோபு சார் கேட்டதில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழுது கட்சி ஒரு பக்கம், பழுதின்மைக் கட்சி மறு பக்கம், பேச்சுவார்த்தை கிடையாது. யோபு சாருக்கு முகத்தில் ஒரு பிரகாசம். முப்பது வருஷத்தில் அவர் வகுப்பில் யாரும் விழித்திருந்ததே இல்லை.

நம்ம ஃபிட்டரும் முதல் நாள் உளறினார், இரண்டாம் நாள் இருமினார், மூன்றாம் நாள் விரித்த கையோடு மேடையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். "வாஷர் என்பது சிறியது. ஆனால் நாம் எல்லாரும் யாரோ ஒருவருக்கு வாஷர்தானே?" என்றார். அறுபத்து மூன்று பேனாவும் அதை எழுதின. சட்டைப் பையிலிருந்த புது வாஷர் வெல்வெட் துணியில் 'காட்சிப் பொருள் ஒன்று' என்ற சீட்டோடு மேஜைக்கு வந்தது.

வீட்டில் குழந்தைக்கு நாலாவது ஸ்வெட்டர் ஏறியது. மனைவி பானையில் வெந்நீர் கொதிக்க வைத்து, புட்டியில் ஊற்றி, துணி சுற்றி, குழந்தை பக்கத்தில் வைத்து, ஆறினதும் மறுபடி கொதிக்க வைத்தாள். விடுதி மாணவர்களும் ஆளுக்கொரு புட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"உங்க கால்ல விழறேன், ஒரு வாஷரை மாட்டிட்டு வாங்க" என்றாள்.

"ஒன்பது நாள் கோட்பாடு முடியட்டும்மா. நடுவுல கை வெச்சா அது முறை இல்லை."

"முறையா? குழந்தை நெஞ்சுல காதை வெச்சுக் கேளுங்க, அங்க என்ன முறை நடக்குதுன்னு!"

அவர் காதை வைத்துக் கேட்டார். கர்ருகர்ரு என்றது. மனசு ஒரு நிமிஷம் ஆடித்தான் போயிற்று. ஆனால் மணி அடித்துவிட்டது, அன்றைய தலைப்பு 'குளிரும் கூட்டுறவும்', அறுபத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணி. மேடையில் ஃபிட்டர் முழக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று சுவர்க் குழாய் டங் என்றது. பிறகு டங் டங் என்றது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, சூடாக ஆரம்பித்தது. முன்வரிசைப் போதகர் ஒருவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அல்லேலூயா!" என்று குதித்தார். கம்பளிகள் பறந்தன. சிலர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பழுதும் பழுதின்மையும் கைகுலுக்கிக்கொண்டன.

அப்போதுதான் ஃபிட்டர் மேஜையைப் பார்த்தார். வெல்வெட் துணி இருந்தது, சீட்டு இருந்தது, காட்சிப் பொருள் ஒன்று இல்லை. இந்த வேலை தெரிந்த இன்னொரு ஆள் அந்த வளாகத்தில் யார்? கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருஷமாகப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள்தான்.

டீன் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "யார் இதைச் சரிபண்ணினது? பாய்லர் ஓடினா செய்முறை கிடையாது. செய்முறை இல்லாட்டி கிரெடிட் கிடையாது!"

அறையில் சூடு ஏறிக்கொண்டிருந்தபோதே எல்லார் முகமும் உறைந்துபோயிற்று.

அரை மணியில் அவசரக் கூட்டம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டன் நடுவில் நின்றாள். இரண்டு ஸ்வெட்டரைக் கழற்றியாகிவிட்டதால் குழந்தை கையை மடக்கி, நீட்டி, தன் விரல்களை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க மேல குற்றச்சாட்டு" என்று டீன் வாசித்தார், "தேர்வுக்கு முன்பாக விடையை வெளியிட்டது."

"என் குழந்தைக்கு மூச்சுத் திணறுதுங்க. இருபது நிமிஷம் ஆச்சு, மாட்டினேன். இதுல விடை எங்க வந்துச்சு?"

"வருந்துகிறோம்" என்றார் முதல்வர். "வருந்தியதைக் குறிப்புல சேர்த்துக்கோங்க."

எங்கேயிருந்தாவது கெட்டுப்போன கொதிகலன் ஒன்று இரவல் வாங்கலாமா என்று பேசினார்கள். கிடைக்காது என்றானதும், காலையில் அல்லேலூயா போட்ட அதே போதகர் எழுந்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு கிரெடிட் இல்லாமப் போகச் சொல்றீங்களா? மறுபடி உடைச்சுட்டாப் போச்சு! நாலு நாள்தானே, தாங்கிக்குவோம்." விடுதி மாணவர்களும், புட்டியோடு வாசலில் நின்ற அதே பிள்ளைகளும், கையைத் தட்டினார்கள்.

"பாடத்தின் பேராசிரியர் கருத்து என்ன?" என்றார் முதல்வர்.

அறையே ஃபிட்டரைப் பார்த்தது. மனைவியும் பார்த்தாள். ஃபிட்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோட்பாடா பார்த்தா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, உடைக்கும் பக்கம் கையைத் தூக்கினார்.

அதோடு, இப்படி ஓர் ஒழுங்கீனம் இனி நடக்கக் கூடாதென்று, சான்றிதழ் பெற்றவர் தவிர யாரும் கொதிகலனைத் தொடக் கூடாது என்ற விதியும் நிறைவேறியது. அதை முன்மொழிந்தவரும் ஃபிட்டர்தான். ஜெபித்தார்கள். ஆமென் என்ற சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது.

ஃபிட்டர் போய் வாஷரைக் கழற்றிவிட்டு, குப்பையில் தேடி, தேய்ந்துபோன பழைய வாஷரையே மாட்டினார். பழுது இயற்கையாக இருக்க வேண்டும் என்று டீன் வற்புறுத்தியிருந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் ஆளில்லை. அடுப்பின் மேல் வெந்நீர் மட்டும் இருந்தது, அதுவும் ஆறியிருந்தது.

பத்தாம் நாள் செய்முறை நடந்தது. அரை மணி நேரத்தை அறுபத்து மூன்றால் வகுத்தால் ஆளுக்கு அரை நிமிஷம்கூட இல்லை. முதல் ஆள் இடது பக்கம் திருப்பினார், அடுத்தவர் வலது பக்கம், மூன்றாமவர் முதலாமவர் செய்தது தவறு என்று மறுபடி இடது பக்கம். முப்பதாவது ஆளுக்குள் மரை தேய்ந்து வால்வு பிடுங்கிக்கொண்டு வந்தது. எல்லாரும் தேர்ச்சி. அறுபத்து மூன்று சான்றிதழிலும் ஃபிட்டர் கையெழுத்துப் போட்டார். கருத்துப் படிவத்தில், 'மிகச் சிறந்த பாடம். வகுப்பறைதான் குளிராக இருந்தது. அடுத்த முறை கோடையில் வைத்தால் நல்லது' என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"குழந்தை எப்படிம்மா இருக்கா?"

"சளி கரைஞ்சுடுச்சு. இங்க ஒரு விறகடுப்பு இருக்கு. அதை யாரும் பாடம் நடத்தலை, எரிக்கிறாங்க."

"வேற?"

"நேத்து அப்பான்னு சொன்னா. முதல் தடவை."

ஃபிட்டருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "என்னைத் தேடினாளா?"

"இல்லீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அக்கா வீட்டுக்காரர் அடுப்புல விறகு வெச்சிட்டிருந்தாரு. அவரைப் பார்த்துச் சொன்னா."

போனை வைத்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். ஸ்டோரிலிருந்து ஒரு புது வால்வையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு, இனி எவன் தடுத்தாலும் சரி என்று கொதிகலன் அறைக்கு ஓடினார். ஒரு மணி நேர வேலை. ஓட்டிவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் போய் அவளையும் குழந்தையையும் கூட்டி வந்துவிடலாம்.

கதவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கழுத்தில் அட்டையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். குளிரில் மூக்கு சிவந்து, பல் கிட்டியிருந்தது.

"சார், உள்ள போகக் கூடாது" என்றார் அல்லேலூயா போதகர்.

"வழி விடுங்க. அஞ்சு நிமிஷம் நின்னீங்கன்னா பாதி வேலை முடிஞ்சிடும்."

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்கா?"

"யோவ், உனக்குக் குடுத்ததே நான்தான்யா!"

"குடுத்தீங்க சார், மறுக்கலை. ஆனா வாங்கலையே?" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "விதின்னா விதி. நீங்கதானே முன்மொழிஞ்சீங்க. நாங்க எல்லாரும் ஆமென் சொல்லியிருக்கோம்."

"சரி, உங்ககிட்டதான் சான்றிதழ் இருக்கே. நீங்களாவது உள்ள போய் இந்த வால்வை மாட்டுங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்வை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். "இது எங்க பாடத்துல வரலையே சார்" என்றார் ஒரு மாணவர். "நாங்க வாஷர் வரைக்கும்தான் படிச்சோம். வால்வு, இரண்டாம் பாகம். அடுத்த பனிக்காலம் வருது."

ஆபீஸ் சன்னலில் அந்த இரண்டாம் பாகத்துக்கு அப்போதே பெயர்ப்பதிவு தொடங்கிவிட்டிருந்தது. நடத்தப்போவது யோபு சார். கம்பளியும் இருமலுமாக ஒரு நீண்ட வரிசை சன்னலிலிருந்து வாசல்வரை நின்றது. கூட்டம் அதிகம், முந்தினவருக்குத்தான் இடம் என்று உள்ளேயிருந்து எழுத்தர் கத்திக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் வால்வைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டார். முன்னால் ஒருவர் இடையில் நுழையப் பார்த்தபோது, "வரிசையில வாங்க சார், முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று அவரை அதட்டவும் செய்தார்.